படகில் மது: எதை எங்கே, எப்படி வைப்பது?

படகுக்கு மது வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எவ்வளவு வாங்குவது, எது வாங்குவது என்றுதான் யோசிக்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: அது எதில் அடைத்து வருகிறது? நகர்ந்துகொண்டே இருக்கும் ஈரமான படகில் முதலில் பழுதாவது உள்ளே இருக்கும் பானம் அல்ல, வெளியே இருக்கும் கலன்தான். கண்ணாடி பாட்டிலுக்கு மோதல் ஆகாது. அலுமினிய கேனுக்கு உப்பும் உரசலும் ஆகாது. அட்டைப்பெட்டிக்குள் வரும் ஒயின் பைக்கு மடிப்பு ஆகாது. விஸ்கி, ரம் போன்ற கடும் மதுவை எதில் அடைத்தாலும் தீப்பக்கம் வைக்கக் கூடாது. இந்த நான்கும் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அளவும் எடையும்

நான்கு பேர், ஒரு வாரப் பயணம், நங்கூரம் போட்ட பிறகு மாலையில் ஆளுக்கு இரண்டு பானம் என்று வைத்துக்கொண்டால் 56 பானம் வேண்டும். 330 மில்லி பீர் கேன் 24, மூன்று லிட்டர் ஒயின் பை ஒன்று, 750 மில்லி ரம் அல்லது விஸ்கி ஒன்று வாங்கினால் போதும். ஒயின் பையில் 150 மில்லி வீதம் 20 கோப்பை வரும். கடும் மது பாட்டிலில் 40 மில்லி வீதம் 18 வரும். மொத்தம் 62 பானம், எடை சுமார் 13 கிலோ.

இதே 62 பானத்தையும் கண்ணாடி பாட்டில் ஒயினாகவே வாங்கினால் 12 அல்லது 13 பாட்டில் ஆகும். நிறைந்த ஒயின் பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ வரை இருக்கும், ஆக மொத்தம் 15 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு வாரத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இரண்டு மாதக் கடற்பயணத்துக்கு நூறு பாட்டில் ஏற்றினால் அதில் 40 கிலோவுக்கு மேல் வெறும் கண்ணாடிதான். இரட்டை உடல் கொண்ட கட்டமரான் படகில் இந்தக் கணக்கை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், அதிக பாரம் ஏற்றினால் அதன் ஓட்டம் சட்டென்று கெட்டுவிடும்.

பாரத்தைத் தாழ்வாகவும் படகின் நடுவிலும் வையுங்கள். இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் சமமாகப் பிரியுங்கள். முன்முனை லாக்கரில் (மூடி போட்ட சேமிப்பறையில்) வைக்காதீர்கள். அங்கே இடம் காலியாக இருக்கும்தான், ஆனால் படகிலேயே அதிகமாக ஏறி இறங்கிக் குதிக்கும் இடமும் அதுதான்.

பீர் இருக்கிறதே என்று குடிநீரைக் குறைக்கக் கூடாது. மது சிறுநீரைக் கூட்டி உடலின் நீரை வெளியேற்றும். வெயிலில் அது இரட்டிப்பு நஷ்டம். தண்ணீர்க் கணக்கைத் தனியாகப் போட்டு, அதை முதலில் ஏற்றுங்கள்.

கரையிலேயே முடிக்க வேண்டிய வேலை

1. அட்டைப்பெட்டிகளைத் துறையிலேயே பிரித்துப் போட்டுவிடுங்கள். அட்டையின் மடிப்புகளிலும் பசையிலும் கரப்பான் முட்டைகள் ஒட்டி வரும். படகுக்குள் ஒருமுறை குடியேறிவிட்டால் அவற்றை விரட்டுவது பெரும்பாடு. தவிர, ஈரத்தில் ஊறிய அட்டை கூழாகி, அடிப்பள்ளத்தில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும்.

2. கேன்களையும் பாட்டில்களையும் நன்னீரில் கழுவி, முழுக்கக் காயவிட்டுத் துடையுங்கள்.

3. தரைப்பலகைக்குக் கீழே போகும் பாட்டில்களின் காகித லேபிளை ஊறவைத்து உரித்துவிடுங்கள். உரியும் லேபிளும் போய்ச் சேரும் இடம் அதே பம்ப் வடிகட்டிதான். பெயரையும் வாங்கிய மாதத்தையும் அழியாத மார்க்கர் பேனாவால் மூடியிலும் கண்ணாடியிலும் எழுதுங்கள். வேறு நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் லேபிளை உரிக்காமல், அகலமான நிறமற்ற டேப்பைச் சுற்றி ஒட்டிக் காப்பாற்றுங்கள். சுங்க அதிகாரி பார்க்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அந்த லேபிள்தான் சாட்சி.

4. திறந்த பாட்டிலின் திருகுமூடி இன்ஜின் அதிர்வில் மெல்ல மெல்லத் தளரும். மின்வேலைக்குப் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பை மூடிமேல் ஒரு சுற்று சுற்றுங்கள்.

5. எந்த லாக்கரில் என்ன, எத்தனை என்று ஒரு பட்டியல் எழுதி, லாக்கர் மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். எடுக்க எடுக்க அடித்துவிடுங்கள். கரையேறும் நாளில் சுங்கப் படிவத்துக்கும் இதே பட்டியல் உதவும்.

கண்ணாடி பாட்டில்கள்

கண்ணாடியோடு கண்ணாடி தொடக் கூடாது. விதி இவ்வளவுதான். மிக மலிவான வழி, ஒவ்வொரு பாட்டிலையும் தடித்த பழைய காலுறைக்குள் நுழைத்துவிடுவது. பாட்டில் உடைந்தாலும் சில்லுகள் பெரும்பாலும் காலுறைக்குள்ளேயே தங்கும், வெறுங்காலோடு நடப்பவர்கள் பிழைத்தார்கள். நியோப்ரீன் என்ற ரப்பர் உறையும் நன்றாக இருக்கும், ஆனால் விலைக்கேற்ற கூடுதல் பயன் இல்லை.

நிரந்தரமாக ஒரு ஏற்பாடு வேண்டுமென்றால் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயை 30 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, அடியில் ஒரு விரல் தடிமனுக்கு ஃபோம் வைத்து, துண்டுகளை ஒன்றோடொன்று கட்டி லாக்கருக்குள் பொருத்துங்கள். வழக்கமான நேர்த்தோள் ஒயின் பாட்டிலின் விட்டம் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர். காலுறையோடு எளிதாக நுழையும், மிச்ச இடைவெளியில் துணி திணியுங்கள். ஷாம்பெயின் பாட்டில் 88 மில்லிமீட்டர் அளவுக்குப் பருமனாக இருக்கும், அதுவும் நுழைந்துவிடும். வெட்டிய விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்க மறக்காதீர்கள்.

அடுக்கி முடித்ததும் லாக்கர் மூடியில் கை வைத்துப் படகை நன்றாக ஆட்டிப் பாருங்கள், அல்லது லாக்கர் பக்கத்தைக் குத்துங்கள். 'கிளிங்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று பொருள். துண்டு, டி-ஷர்ட், படுக்கை விரிப்பு எதையாவது திணித்து மீண்டும் ஆட்டுங்கள். துறையில் கேட்கும் அந்தச் சின்னச் சத்தம்தான் நடுக்கடலில் பாட்டிலை உடைப்பது.

லாக்கர் மூடியின் பூட்டையும் கவனியுங்கள். விரலால் அழுத்தினால் திறந்துகொள்ளும் வகைத் தாழ்ப்பாளை உள்ளிருந்து உருளும் ஒரு பாட்டிலே திறந்துவிடும். பக்கவாட்டில் நகர்த்தும் தாழ்ப்பாள் அல்லது திருகுத் தாழ்ப்பாள் போடுங்கள். தரைப்பலகைக்குக் கீழே வைப்பதென்றால் அந்தப் பலகைக்கும் தாழ்ப்பாள் வேண்டும். படகு ஒருபுறம் முழுக்கச் சாய்ந்தால் பலகையும் பாட்டில்களும் சேர்ந்து பறக்கும்.

படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா? கார்க் போட்ட ஒயினை மாதக்கணக்கில் வைப்பதென்றால் மட்டும் படுக்க வையுங்கள், கார்க் காயாமல் இருக்கும். இரண்டு வாரத்துக்கு எப்படி வைத்தாலும் ஒன்றுதான். கடும் மதுவை எப்போதும் நிறுத்தித்தான் வைக்க வேண்டும், 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்து உதிர்த்துவிடும்.

நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் லாக்கரின் சூடு ஏறத்தாழ வெளியே உள்ள கடல்நீரின் சூட்டையே ஒட்டியிருக்கும். குளிர்ந்த கடலில் அது அருமையான ஒயின் அறை. வெப்பமண்டலக் கடலில் நீரே 28, 30 டிகிரி இருக்கும்போது அங்கே நல்ல ஒயினைச் சேமித்து முதிரவைக்க நினைப்பது வீண். சில வாரங்களில் குடிக்கக்கூடியதை மட்டும் வாங்குங்கள். காக்பிட் (படகை ஓட்டுபவர் உட்காரும் திறந்த பகுதி) இருக்கைக்குக் கீழே இருக்கும் லாக்கரும், இன்ஜினுக்கு அடுத்த லாக்கரும் எந்தக் கடலிலும் ஆகாது. அந்தச் சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், பீர் கேனின் அடிப்பாகம் புடைக்கும். பச்சை அல்லது நிறமற்ற பாட்டிலில் வரும் பீரை வெயிலிலும் வைக்காதீர்கள், வெளிச்சம் பட்டுக் கெட்ட வாடை அடிக்கும்.

பீர் கேன்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கேன் உடையாது, ஆகவே எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று நினைத்து அடிப்பள்ளத்தில் கொட்டிவிடுகிறார்கள். கேனின் பக்கச்சுவர் வெறும் 0.1 மில்லிமீட்டர் தடிமன். உட்புறம் அரக்குப் பூச்சு இருக்கிறது, வெளிப்புறத்தைக் காப்பது பெயின்ட் மட்டும். பக்கத்துக் கேனோடு வாரக்கணக்கில் உரசினால் அந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து வெள்ளிப் பொட்டு ஒன்று தோன்றும். அதில் உப்புநீர் பட்டால் குழி விழும், குழி ஊசித்துளையாகும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டோ வெண்கலமோ தொட்டுக்கொண்டு, நடுவே உப்புநீரும் இருந்தால் இன்னும் வேகமாக அரிக்கும்.

ஒரு கேன் கசிந்தால் அதோடு நிற்பதில்லை. கசியும் பீர் பக்கத்துக் கேன்களின் மேல் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். அடுத்த சில வாரங்களில் வரிசையாக மற்றவையும் போகும். பலகையைத் தூக்கும்போது புளித்த வாடையும், கேன்களின் அடியில் பழுப்பாக ஒரு பிசுபிசுப்பு வளையமும் தெரிந்தால் அந்த அடுக்கு முழுவதையும் வெளியே எடுத்துக் கழுவியே ஆக வேண்டும்.

இதைத் தவிர்க்க, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் கேன்களை நெருக்கமாக நிறுத்தி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே மெல்லிய ஃபோம் தாளோ பழைய துணியோ விரியுங்கள். வரிசைகளுக்கு நடுவிலும் துணியை வளைத்து வளைத்து விடுங்கள். பெட்டி நீர் தேங்காத இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பாருங்கள், கசியும் கேன் எடை குறைந்து, அழுத்தினால் நெகிழும். பழையதை மேலே கொண்டுவந்து முதலில் முடியுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். சாதாரண பீர் கேன் அலுமினியம், திசைகாட்டியைப் பாதிக்காது. ஆனால் ஐந்து லிட்டர் பீர் பீப்பாய்களும் சில வகை டின்களும் இரும்பு. தானியங்கிச் சுக்கானுக்குத் திசை சொல்லும் மின்னணுத் திசைகாட்டி பல படகுகளில் நடுப்பகுதியில் தாழ்வான ஒரு லாக்கருக்குள் ஒளிந்திருக்கும். அதாவது சரக்கு வைக்க நாம் தேடும் அதே இடத்தில். பக்கத்தில் இரும்பு டின் வந்தால் படகு திசை மாறி ஓடும், காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். கையில் வைத்திருக்கும் சிறு திசைகாட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கலனைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முள் அசைந்தால் அது திசைகாட்டி லாக்கருக்கு ஒரு மீட்டருக்கு அப்பால் போக வேண்டியது.

எந்தக் கலனாக இருந்தாலும் மூன்று இடங்களை மறைக்கக் கூடாது: படகின் அடியில் நீர்க்குழாயைத் திறந்து மூடும் வால்வுகள், பில்ஜ் பம்பின் வாய், அதன் மிதவை ஸ்விட்ச். தண்ணீர் உள்ளே ஏறும்போது வால்வைத் தேடி இருபது பாட்டிலை ஒதுக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மிதவைக்கு அடியில் ஒரு கேன் சிக்கினால் பம்ப் நிற்காமல் ஓடி மின்கலத்தைக் காலி செய்யும். மேலே சிக்கினால் ஓடவே ஓடாது.

ஒயின் பையும், வேறு கலனுக்கு மாற்றுவதும்

படகுக்கு மிகப் பொருத்தமானது பையில் வரும் ஒயின்தான். உடையாது, எடை குறைவு, குடிக்கக் குடிக்கச் சுருங்கும், திறந்த பிறகும் நான்கு முதல் ஆறு வாரம் தாங்கும். அதன் பலவீனம் மடிப்பு. படகு ஆடும்போது பை மடங்கி மடங்கி நிமிர்ந்தால் மடிப்புக் கோட்டில் மெல்லிய விரிசல் விடும். எனவே அட்டையை நீக்கியதும் பையைத் துணிப்பையில் போட்டு, அதே அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் அசையாமல் உட்கார வையுங்கள். குழாய் மேல்பக்கம் இருக்கட்டும். பக்கவாட்டில் இருந்தால் ஏதாவது இடித்துத் திறந்துகொள்ளும்.

கடும் மதுவைக் கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாற்றுவதில் தவறில்லை. பெட் அல்லது எச்டிபிஇ என்று அடியில் குறியிட்ட, உணவுக்கு ஏற்ற பாட்டிலாகப் பாருங்கள். பாலிகார்பனேட் வேண்டாம், ஆல்கஹால் பட்டு நாளடைவில் விரிசல் விடும். உட்பூச்சு இல்லாத அலுமினிய பாட்டிலும் வேண்டாம்.

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். பல படகுகளில் சமையல் அடுப்பு ஸ்பிரிட்டில் எரிகிறது. அதில் பெரும்பாலும் மெத்தனால் என்ற நஞ்சு கலந்திருக்கும். பல இடங்களில் அது ஓட்காவைப் போலவே நிறமற்றது. லேபிள் இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் ஒருவர் ஸ்பிரிட்டையும் இன்னொருவர் ஓட்காவையும் ஊற்றி வைத்தால், இருட்டில் கை மாறிப் போவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. எரிபொருளை அதன் சொந்தக் கலனைவிட்டு மாற்றவே மாற்றாதீர்கள். மது இருக்கும் லாக்கரில் அதை வைக்கவும் கூடாது. மாற்றி ஊற்றிய மதுக்கலனில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதுங்கள். யாராவது தவறி ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காத்திருக்காமல் உடனே வானொலியில் மருத்துவ உதவி கேளுங்கள். மெத்தனாலின் விளைவு பல மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். பார்வை மங்கத் தொடங்கும் வரை காத்திருந்தால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.

தீ

40 சதவீத மதுவின் ஆவி 26 டிகிரி அளவிலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். வெயில் நாளில் மூடிய கேபினில் அந்தச் சூடு எப்போதும் இருக்கும். 60 சதவீதம் என்றால் 22 டிகிரி போதும். ஆல்கஹால் ஆவி காற்றைவிடக் கனமானது, சிந்தினால் கீழே இறங்கி அடிப்பள்ளத்தில் தேங்கும். ஆகவே அடுப்புக்கு மேலேயும் பக்கத்திலும், இன்ஜின் அறையிலும், மின்கலத்துக்கு அருகிலும் கடும் மது கூடாது. மிக அதிகச் செறிவுள்ள ரம் வகைகளைப் படகில் ஏற்றாமலே இருப்பது நல்லது. சிந்திவிட்டால் அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஆல்கஹால் நீரில் முழுக்கக் கரையும், நீர்த்துப்போனால் எரியாது.

குளிர்ச்சிக்கு ஆகும் செலவு

24 பீர் கேனை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர இரண்டரைக் கிலோ ஐஸ் உருகியாக வேண்டும். அதே வேலையை 12 வோல்ட் ஃபிரிட்ஜ் செய்தால் மின்கலத்தில் சுமார் 15 ஆம்பியர்-மணி மின்சாரம் செலவாகும், மூடியைத் திறந்து மூடும் இழப்பு தனி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திணித்தால் உள்ளே இருக்கும் உணவும் சேர்ந்து சூடாகும். ஆறு ஆறாக வையுங்கள், இன்ஜினோ சூரியத் தகடோ மின்சாரம் தரும் நேரமாகப் பார்த்து வையுங்கள். ஃபிரிட்ஜின் குளிர்த்தகட்டைக் கேன் தொடக் கூடாது. பீர் மைனஸ் இரண்டு, மூன்று டிகிரியிலேயே உறைந்து கேனைப் பிளந்துவிடும்.

யார், எப்போது குடிப்பது

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் படகோட்டுபவரின் இரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹால்தான் வரம்பு. ஸ்வீடனில் 10 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள படகுக்கும், 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வேகம் எட்டக்கூடிய படகுக்கும் 0.02 சதவீதம்தான். போகும் இடத்தின் விதியைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் சட்ட வரம்பைப் பாதுகாப்பு வரம்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க வெயில், காற்று, இரைச்சல், அதிர்வு பட்ட உடலில் அதே பீர் கரையில் இருப்பதைவிட அதிகமாகத் தள்ளாட வைக்கும். படகு ஓடும்போது யாரும் குடிப்பதில்லை, நங்கூரம் பிடித்துவிட்டது என்று உறுதியான பிறகே மூடியைத் திறப்பது: இந்த ஏற்பாடே எளிது, வாக்குவாதமும் வராது. நங்கூரத்திலும் குடிக்காத ஒருவர் இருக்க வேண்டும். இரவில் காற்று திரும்பி நங்கூரம் இழுபட்டால் இன்ஜினைத் தொட வேண்டியவர் அவர்தான்.

உடல் மணிக்கு ஏழு, எட்டு கிராம் ஆல்கஹாலைத்தான் வெளியேற்றும். ஒரு கேன் பீரில் 13 கிராம், ஒரு கோப்பை ஒயினில் 14 கிராம். நான்கு பானம் குடித்தால் முழுக்கத் தெளிய ஏழெட்டு மணி நேரம் ஆகும். விடிகாலையில் புறப்படுகிறவர் முந்தின இரவே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மிக ஆபத்தான பயணம் கரையில் விருந்து முடித்து, இருட்டில் சிறு படகில் பெரிய படகுக்குத் திரும்பும் அந்த ஐந்து நிமிடம்தான். லைஃப் ஜாக்கெட்டும் டார்ச்சும் கட்டாயம். குடிக்காதவர் ஓட்டட்டும், அவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிறு அவர் உடலில் மாட்டியிருக்கட்டும். படகின் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிப்பதையும் தடுத்துவிடுங்கள்.

கடல்நோய் மாத்திரையோ ஒட்டும் மருந்துப் பட்டையோ எடுத்தவர் குடிக்கக் கூடாது, மயக்கம் கூடும். குளிர்ந்த நீரில் விழுந்து மீட்கப்பட்டவருக்கு பிராந்தி கொடுக்கும் பழக்கமும் தவறு. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, மிச்சமிருக்கும் உடற்சூட்டையும் வெளியேற்றும். காயத்தில் விஸ்கி ஊற்றுவதாலும் பயனில்லை, கிருமியைக் கொல்ல 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் வேண்டும். இன்னொன்று: ஜெனரேட்டரோ இன்ஜினோ ஓடும்போது ஒருவர் தலைவலி, வாந்தி, உளறலோடு சாய்ந்தால் போதை என்று விட்டுவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு நஞ்சும் அப்படியேதான் தெரியும். முதலில் அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, இன்ஜினை நிறுத்துங்கள்.

எல்லை தாண்டும்போது

புதிய நாட்டில் நுழைவு அனுமதி கோரும் மஞ்சள் கொடியேற்றி, படகில் உள்ள மது அத்தனையையும், திறந்த பாட்டில் உட்பட, பட்டியலில் காட்டுங்கள். சில இடங்களில் அதிகாரிகள் லாக்கருக்கு முத்திரை வைப்பார்கள், அந்த நாட்டை விட்டுப் போகும் வரை அதைத் தொடக் கூடாது. ஆகவே எல்லா மதுவையும் பூட்டக்கூடிய ஒரே லாக்கரில் வைப்பது வசதி. படகில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பூட்டு இன்னும் அவசியம். மதுவுக்கு முழுத் தடை உள்ள நாடுகளும் உண்டு. அங்கே போவதென்றால் முந்தைய துறையிலேயே மிச்சத்தை இறக்கிவிட்டுப் புறப்படுங்கள்.

காலிக் கலன்கள்

பாட்டிலையும் கேனையும் கடலில் வீசக் கூடாது. கப்பல்களால் கடல் மாசாவதைத் தடுக்கும் சர்வதேச மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு 2013 ஜனவரி 1 முதல் கண்ணாடி, உலோகம் உட்பட ஏறத்தாழ எல்லாக் குப்பைக்கும் தடை விதித்திருக்கிறது, சிறு படகுகளுக்கும் அது பொருந்தும். காலியானதும் கடல்நீரில் அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் ஈயும் கரப்பானும் தேடி வரும். கேனை நசுக்கி ஒரு கோணிப்பையில் சேருங்கள். காலி பாட்டிலை அதே காலுறையில், அதே குழாய்த் துண்டில் திருப்பி வையுங்கள். காலி பாட்டிலும் உடையும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பருவம் முடிந்து படகைக் கட்டிப்போடும்போது குளிர்ப் பிரதேசமாக இருந்தால் பீரையும் ஒயினையும் இறக்கிவிடுங்கள். ஒயின் மைனஸ் ஆறு டிகிரியில் உறைந்து பாட்டிலை வெடிக்க வைக்கும். கடும் மது மைனஸ் 27 வரை தாங்கும், ஆனாலும் ஆளில்லாத படகில் திருட்டுக்கு முதலில் போவது அதுதான். லாக்கரை நன்னீரில் துடைத்து, மூடியைத் திறந்தே விட்டுவிட்டு இறங்குங்கள்.